எண் இல்லாத பாட்டு

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் போதகர் அமிசா அவர்களே, சபைக் காரியக் குழுவின் தலைவர் திரு. ஓட்டூ அவர்களே, எசுமான் கடற்கரையின் தலைமை மீனவர் அவர்களே, மீன் சந்தைத் தலைவி அவர்களே, பென்ட்சில் குடும்பத்தாரே, கொயர் உறுப்பினர்களே, ஊர்ப்பாட்டுப் பெண்களே, முன்வரிசையில் இடம் இருந்தும் அதைப் பார்க்காதவர்கள் போலப் பின்னால் நின்றுகொண்டிருப்பவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நிற்பவர்கள் முதலில் வந்து உட்காரட்டும். நான் காத்திருக்கிறேன்.

நன்றி.

இன்று செவ்வாய்க்கிழமை, நம் கரையில் யாரும் மீன்பிடிக்கப் போகாத நாள். கடலில் ஒரு படகும் இல்லை. எசுமான் ஊரே இந்தக் கோயிலுக்குள் இருக்கிறது. எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்திருக்கிறீர்கள். அதுதான் சரி. நிறைவாக வாழ்ந்து முடித்தவருக்குக் கறுப்பும் சிவப்பும் எதற்கு? இது அழுகைக்கான கூட்டம் அல்ல, நன்றிக்கான கூட்டம்.

தெருவெல்லாம் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் அராபா பென்ட்சிலின் வயது எண்பத்தொன்பது என்று போட்டிருக்கிறீர்கள். தவறு. எண்பத்தெட்டு. தன் வயதை ஒன்று கூட்டிச் சொன்னதற்காக அராபா கோபிக்கமாட்டாள். நான் கோபிப்பேன். ஏனென்றால் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் தேதிகளையெல்லாம் அறுபது ஆண்டுகளாக நான்தான் அவளுக்காக நினைவில் வைத்திருக்கிறேன்.

எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி இங்கே வைத்திருக்கிறேன். உரையை முழுவதும் எழுதியும் வந்திருக்கிறேன். "காகிதம் இல்லாம கான்வென்ட்டு மூச்சே விடாது" என்று அராபா சொல்லுவாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிலோமினா என்ற பெயர் அவள் வாயில் நுழையாது என்றாள். வேதத்தில் வரும் நெபுகாத்நேச்சார் நுழையும், பிலோமினா நுழையாதா? கான்வென்ட்டு! அவ்வளவுதான் எனக்குப் பெயர்.

யார் இந்த அராபா பென்ட்சில்? கடற்கரையில் ஏழு மண் அடுப்புகளுக்குச் சொந்தக்காரி. சாளை மீனைப் புகைபோட்டால் அது கருகாது, உதிராது, மூன்று மாதம் கெடாது. அது அவள் தொழில். அவள் ஊழியம் வேறு. இந்தக் கோயிலில் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அவள் பாட்டுத் தலைவி. கொயர் என்னும் பாடகர் குழுவுக்குத் தலைவி அல்ல, கொயர் என்னுடையது. அதோ அந்தப் பின் பெஞ்சுகளில் உட்காரும் ஊர்ப்பாட்டுப் பெண்களுக்குத் தலைவி. போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே எழுந்து நின்று, அவர் பேச்சை நிறுத்தி, அவர் சொன்னதையே பாட்டாகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்களுடையது. அந்த உரிமையின் தலைவி அவள்.

அந்த உரிமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். திரு. ஓட்டூ அவர்களே, நீங்கள் நாற்காலியில் நெளிய வேண்டாம். உங்களிடம் பிறகு வருகிறேன்.

நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. அதுவரை கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவள். இசை என்பது என்ன என்று அவர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இசை என்பது காணிக்கை. பழுதில்லாமல் கொடுக்க வேண்டும். பூசையில் லத்தீனில் பாடினோம். கூட்டத்துக்குப் புரிந்ததா? புரியவில்லை. புரிய வேண்டிய தேவையும் இல்லை என்றார்கள், ஏனென்றால் பாட்டு கூட்டத்துக்கு அல்ல, கடவுளுக்கு. ஒரு சுரம் பிசகினால் மடத்துத் தலைவியான மரியாதைக்குரிய அன்னை தன் பென்சிலால் மேசையில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்படிப்பட்ட நான் மெதடிஸ்ட் தலைமை ஆசிரியர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, இந்தக் கோயிலின் இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு. அன்றைய போதகர் எஷுன் செங்கடலைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். மோசே கோலை நீட்டுகிறார். பாதி வாக்கியம். பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. திரும்பிப் பார்த்தால், புகையேறிய துணி, தலையில் மஞ்சள் கட்டு, ஒரு பெண் எழுந்து நின்று பாடுகிறாள். கூட்டமே பதில் பாடுகிறது. போதகரோ மேடையில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்!

நான் என்ன நினைத்தேன்? பாவம், மனநிலை சரியில்லாதவள், யாரும் தடுக்கவில்லையே என்று நினைத்தேன். நான் தடுத்தேன். எழுந்து நின்று, கான்வென்ட் குரலில், கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னேன்: "உக்காருங்க! பிரசங்கம் நடக்குது, தெரியலையா?"

கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அவள் உட்கார்ந்தாளா? உட்காரவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. என்னைப் பாட்டுக்குள்ளே இழுத்துவிட்டாள்:

"கடலு ரெண்டாப் பொளந்துச்சு, தண்ணி செவரா நின்னுச்சு,
இந்தா இன்னொரு செவரு நிக்குது, வெள்ளக் கையுறை போட்டு நிக்குது,
ஆண்டவரே, கோலை நீட்டும், இதையும் கொஞ்சம் பொளந்துவிடும்!"

நூற்றைம்பது பேர் ஒரே குரலில் "பொளந்துவிடும்" என்றார்கள். போதகரும் சேர்ந்து பாடினார்.

வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் கேட்டேன்: "ஏன் முன்னாடியே சொல்லல?"

எபெனேசர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

சபையோரே, அன்று முதல் எனக்கும் அராபா பென்ட்சிலுக்கும் போர். நான் மறைக்கமாட்டேன். நான் கொயருக்குப் பொறுப்பேற்றேன். ஹார்மோனியம் என் கைக்கு வந்தது. நான்கு குரலில் பாடச் சொல்லிக் கொடுத்தேன். அழகாகப் பாடினார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பின் பெஞ்சு எழும், என் ஒழுங்கெல்லாம் காற்றில் போகும். மூன்றாம் ஆண்டில் நான் ஒரு கடிதம் எழுதினேன். சுத்தமான கையெழுத்தில், இரண்டு பக்கம். ஞானப்பாட்டுப் புத்தகத்தில் எண் உள்ள பாட்டைத் தவிர வேறு எதையும் ஆராதனையில் பாடக் கூடாது என்று காரணங்களோடு எழுதினேன். காரியக் குழு ஏற்றுக்கொண்டது. அந்தக் கடிதம் இன்னும் சபைப் பெட்டியில் இருக்கிறது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அதற்காக அது சரியான கடிதம் ஆகிவிடுமா?

பின் பெஞ்சுப் பெண்கள் எதிர்ப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்க்கவில்லை. அதுதான் பயங்கரம். பணிந்தார்கள்! புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்தார்கள். மூன்றாம் ஞாயிறு வாசலில் அவளிடம் கேட்டேன்: "என்ன திருமதி பென்ட்சில், ரொம்ப அமைதியா இருக்கீங்க?"

"எண்ணு குடுங்க டீச்சரம்மா, பாடுறேன். எண்ணு இல்லாம இப்பல்லாம் நான் தும்மறதுகூட இல்ல."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் எண் வேண்டும் என்பதுபோல என்னையே பார்த்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். பிரசங்கம் வளரத் தொடங்கியது. இருபது நிமிடம் நாற்பது ஆனது, நாற்பது ஒரு மணி நேரம் ஆனது. போதகர் எஷுன் நல்ல மனிதர். கடவுளுக்குப் பயந்தவர். ஆனால் தான் சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. யாராவது எழுந்து அதைப் பாட வேண்டும். பாட்டு எழுந்தால், சேர்ந்துவிட்டது, அடுத்ததற்குப் போகலாம். எழாவிட்டால்? இன்னொரு தரம் சொல்ல வேண்டும். அதுவும் போதாவிட்டால் இன்னொரு தரம்! பாவம் அவர், மூன்று மாதமாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுவடைப் பண்டிகை ஞாயிறு வந்தது. பீடத்தின் முன்னால் சேப்பங்கிழங்கும் வாழைத்தாரும் குவிந்து கிடந்தன. வெளியே புளித்த மக்காச்சோள மாவில் அவித்த கென்கே உருண்டைகள் இலைக்குள் ஆறிக்கொண்டிருந்தன. பிரசங்கம் நோவாவைப் பற்றி. மழை பெய்தது. பேழை மிதந்தது. புறா பறந்தது. புறா திரும்பி வந்தது. மறுபடியும் பறந்தது. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இன்றைய தலைமை மீனவரின் தகப்பனார், கடவுள் அவருக்கு இளைப்பாறுதல் தரட்டும், இங்கேயே இளைப்பாறத் தொடங்கிவிட்டார். குறட்டை பலிபீடம்வரை கேட்டது. ஒன்றரை மணி நேரம். போதகருக்கு வேர்க்கிறது. அவருக்குப் பேழையிலிருந்து இறங்கத் தெரியவில்லை! மிருகங்களோடு உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டார். பின் பெஞ்சைப் பார்க்கிறார், பேசுகிறார், பார்க்கிறார், பேசுகிறார். கடைசியில் பிரசங்க மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தாய்மார்களே, யாராவது என்னைக் காப்பாத்துங்களேன்!"

அராபா எழுந்தாள். மெதுவாக எழுந்தாள். இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டாள். புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"பாடுறேன் பாஸ்டர். எண்ணு என்ன?"

எல்லாத் தலையும் ஹார்மோனியத்தின் பக்கம் திரும்பியது. என் பக்கம். என் கையில் ஞானப்பாட்டுப் புத்தகம். எந்த எண்ணையும் நான் சொல்லியிருக்கலாம். அதில் அறுநூற்றுக்கும் மேல் பாட்டு இருந்தது. மழைக்கு ஒன்று இருந்தது, அறுவடைக்கு ஒன்பது இருந்தன. சொல்லியிருந்தால் என் கடிதம் பிழைத்திருக்கும். என் கௌரவம் பிழைத்திருக்கும். போதகரைப் பார்த்தேன். அவர் சட்டைக் கழுத்துப்பட்டை நனைந்து துவண்டுபோயிருந்தது. மரியாதைக்குரிய அன்னையின் பென்சில் தட்டு கேட்குமென்று காத்திருந்தேன். கேட்கவில்லை. புத்தகத்தை மூடினேன்.

"எண் கிடையாது," என்றேன். "பாடுங்க."

அப்போது எழுந்த பாட்டை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! கதவைத் திறக்கச் சொன்னாள் நோவாவை. ஆடு ரெண்டு இறங்கியது, நண்டு ரெண்டு இறங்கியது, ஆமை ரெண்டும் இறங்குவதற்குள் அடுத்த மழையே வந்துவிடும்போல இருந்தது. குறட்டை விட்டவர் கண் விழித்து இறங்கினார். கொயரை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி இறக்கினாள். கடைசியில் பாஸ்டர் இறங்கினார், செருப்பை உள்ளேயே மறந்துவிட்டு. அதற்கும் கடைசியில், "ஹார்மோனியத்தைத் தூக்கிக்கிட்டு கான்வென்ட்டு எறங்குது, பாத்து, படி வழுக்கும்" என்று பாடினாள். நான் இறங்கினேன், சபையோரே. அன்று நான் இறங்கினேன். அன்று மாலையே போதகர் எஷுன் அவளுக்குப் பாட்டுத் தலைவி என்ற பட்டம் தந்தார்.

மறுநாள் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனேன். பாட்டுகளை எழுதி வைக்கலாம், எண் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். என்னைக் குறை சொல்லாதீர்கள், பழக்கம் அப்படி. "நேத்து பாடினத மறுபடி பாடுங்க" என்றேன்.

"நேத்து பாடினது நேத்தைக்கு. இன்னிக்கு நோவா எங்க இருக்காரு?"

"பிறகு எப்படி எழுதறது?"

"எழுதாத. மீனத் திருப்பிப் போடு, கருகுது."

அப்படித்தான் நான் மீன் திருப்பக் கற்றுக்கொண்டேன். அவள் சரித்திரம் கற்றுக்கொண்டதும் அங்கேதான். ஒருநாள், என்னைக் கேலி செய்கிறாள் என்ற கோபத்தில், திருச்சபையின் இசை எப்படி வளர்ந்தது என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். ஆதியில் வீடுகளில் கூடிப் பாடினார்கள், ஒருவர் தொடங்க மற்றவர்கள் பதில் சொன்னார்கள் என்றேன்.

"எங்கள மாதிரி," என்றாள்.

பிறகு பெரிய கோயில்கள் எழுந்தன. பாட்டு, பயின்றவர்களிடம் போனது. நான்காம் நூற்றாண்டில் ஒரு சங்கம் கூடி, நியமிக்கப்பட்ட பாடகர்கள், அதுவும் ஏட்டைப் பார்த்துப் பாடுகிறவர்கள், அவர்களைத் தவிர வேறு யாரும் கோயிலில் பாடக் கூடாது என்று விதியே எழுதியது என்றேன்.

அவள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அந்தக் கடுதாசிய எழுதினது யாரு, உங்க பாட்டியா?"

நான் தொடர்ந்தேன். மடங்களில் துறவிகள் பாடினார்கள், சனம் கேட்டுக்கொண்டு நின்றது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் அப்படி. பிறகு சிலர் கிளம்பி, பாட்டைச் சனத்தின் பாஷையில் சனத்தின் கையில் கொடுத்தார்கள். எதற்கு? வேதத்தைச் சொல்லித்தர. நாலடிப் பாட்டில் ஒரு போதனை. மனப்பாடம் செய்தால் மறக்காது. அதன் பிறகு எங்கள் மெதடிஸ்டுகள் வயலிலும் சுரங்க வாசலிலும் நின்று பாடினார்கள். அங்கே பாட்டு மனத்தை அசைக்க. அப்புறம் அந்தப் புத்தகம் கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்தது, எண்களோடு. படிக்கத் தெரிந்தவன் பாடினான். தெரியாதவள் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உக்காந்தவ சும்மா இருந்தாளா?" என்றாள் அராபா.

"இல்லை," என்றேன். "எழுந்துட்டா."

அவள் மீன்களைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்: "அப்ப ரெண்டாயிரம் வருஷமா இதே வேலதானா கான்வென்ட்டு? ஒருத்தன் பாட்டப் புடுங்குறது, இன்னொருத்தன் திருப்பிக் குடுக்குறது. பாடத்துக்குன்றான், பூசைக்குன்றான், அழவைக்கன்றான். எல்லாம் சரிதான். நான் ஒண்ணு கேக்கறேன். செம்பனப் பழச் சூப்பு வெக்கிறப்ப, எறக்குறதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணுவ?"

"ருசி பார்ப்பேன்."

"ஆங். பிரசங்கம் சூப்பு. ஒருத்தி கரண்டிய விட்டு ருசி பாக்கணும். உப்பு சரியா இருந்தா சரின்னு சத்தமாச் சொல்லணும். ருசி பாக்காமலே ஊருக்கு ஊத்துவியா? அதுக்குத்தான் நாங்க எந்திரிக்கறோம். வேற ஒண்ணும் இல்ல."

சபையோரே, கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருடம் இசை படித்தேன். பிறகு புத்தகம் புத்தகமாகப் படித்தேன். இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் படிக்கவில்லை. பாட்டு காணிக்கையாக இருந்தது, பாடமாக இருந்தது, அழைப்பாக இருந்தது. இந்தக் கடற்கரையில், எழுத்தறியாத பெண்கள் வாயில், அது பதிலாக ஆனது. கேட்டோம், ஏற்றோம் என்று சாட்சி சொல்லும் பதில்! சபைக்கு அதைவிடப் பெரிய கொடை உண்டா?

என் கணவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் அடக்கத்தன்று இந்தக் கோயிலில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கான்வென்ட்டில் வளர்ந்தவள் ஊர் பார்க்க அழமாட்டாள். பிரசங்கத்தில் சொன்னார்கள்: சிறந்த தலைமை ஆசிரியர், ஒழுக்கசீலர், உணவிலும் அளவறிந்தவர். அந்த வார்த்தையில் அராபா எழுந்துவிட்டாள்.

"அளவறிஞ்சவரு, ஆமா ஆமா,
சனிக்கெழம சனிக்கெழம எங்க அடுப்படிக்கு வந்தவரு,
சூடு மீன நின்னுக்கிட்டே மூணு நாலுன்னு தின்னவரு,
'வீட்டுல சொல்லாத அராபா'ன்னு வாயத் தொடச்சிப் போனவரு!"

கோயிலே குலுங்கியது. நான் சிரித்தேன். சபையோரே, எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்! சனிக்கிழமைச் சட்டைகளைத் துவைத்தவள் நான்தானே? காலரில் புகை வாசம் இராதா? சிரித்தேன், சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. இந்தப் பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அன்று அந்தப் பாட்டு இல்லாவிட்டால் இன்றுவரை நான் அழுதிருக்கமாட்டேன். இந்த உரையைப் பேச உயிரோடு இருந்திருக்கவும் மாட்டேன்.

இப்போது திரு. ஓட்டூ அவர்களிடம் வருகிறேன்.

நீங்கள் கெட்டவர் அல்ல. உங்களுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று ஹார்மோனியம் வாசித்தவள் நான். அப்போதும் நீங்கள் நெளிந்தீர்கள். உங்கள் குழு ஒரு தீர்மானம் தயாரித்திருக்கிறது. ஆராதனை ஒன்றேகால் மணி நேரம். வாலிபர் இசைக்குழுவுக்கு முப்பது நிமிடம். பிரசங்கம் இருபத்தைந்து நிமிடம், இடைநிறுத்தமின்றி. படம் பிடித்து வெளியூரில் இருப்பவர்களுக்கு அனுப்புவதால் நேரம் தவறக் கூடாது. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாக்கெடுப்பு. இவ்வளவும் நல்ல கையெழுத்தில், காரணங்களோடு. எனக்கு அந்தக் கடிதம் நன்றாகத் தெரியும். அதை முதலில் எழுதியவள் நான்!

அராபா வாலிபர் இசைக்குழுவை வெறுத்தாளா? யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். டிரம்ஸ் வந்த முதல் ஞாயிறு எண்பது வயதில் அதன் முன்னால் நின்று ஆடியவள் அவள். "இது ஆளக் கூப்புடுற பாட்டு" என்றாள் என்னிடம். "சந்தையில கூவற மாதிரி. கூவட்டும். கூவாம யாரு வருவா? ஆனா வந்தவங்க சூப்ப யாரு ருசி பாப்பா, அதச் சொல்லு."

தீர்மானத்தில் ஒரு வரி இருக்கிறது. "கடந்த ஆறு வாரங்களாக ஊர்ப்பாட்டு எழவில்லை, எனவே அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை." உண்மை. மறுக்க முடியாது. அராபா மருத்துவமனையில் கிடந்த ஆறு வாரமும் பின் பெஞ்சில் ஒருவரும் எழவில்லை. எழ வேண்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து அவளிடம் போவேன். ஒரே கேள்வி: "யாரு எந்திரிச்சா?"

முதல் நான்கு வாரம் பேச்சை மாற்றினேன். ஐந்தாம் வாரம் சொன்னேன்: "யாரும் எந்திரிக்கல, அராபா."

"உனக்குக் காலு இருக்குல்ல?"

"என்னைப் பாடச் சொல்றியா? ஏட்டைப் பார்க்காம நான் ஒரு வரி பாடினதில்லை. எண்பத்திமூணு வயசு. குரல் உடைஞ்சு போச்சு."

"உன் குரல யாரு கேட்டா? வாயத்தானே கேக்கறேன்."

"சுரம் பிசகும்."

"பிசகட்டும். ஆண்டவர் என்ன, பென்சில வெச்சிக்கிட்டா உக்காந்திருக்காரு?"

எனக்குக் கோபம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அறுபது வருட நெருப்பில் காய்ந்த அந்தக் கை மரக்கட்டைபோல இருக்கும். "கான்வென்ட்டு, என் கூட்டத்துல நீதான் பேசுவ. எனக்குத் தெரியும், வேற யாரையும் விடமாட்ட. மணிக்கணக்கா பேசுவ. எல்லாரும் மரியாதையா உக்காந்து கேப்பாங்க. அப்படி மட்டும் நடந்துச்சுன்னா நான் பெட்டியிலேருந்து எந்திரிச்சு வந்துடுவேன். வாக்குக் குடு."

"எதுக்கு வாக்கு?"

"உனக்கே தெரியும்."

கொடுத்தேன். பதினோராம் நாள் அவள் போய்விட்டாள்.

கடிகாரத்தைப் பார்க்கிறேன். பத்தொன்பது நிமிடம் ஆகிவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாகக் குறித்த நேரத்தைத் தாண்டியிருக்கிறேன். ஒருவர்கூட என்னை நிறுத்தவில்லை. என் பேச்சு அவ்வளவு நன்றாகவா இருக்கிறது? போதகர் எஷுனுக்கு வேர்த்ததுபோல எனக்கு இப்போது வேர்க்கிறது. இத்தனை சொன்னேனே, ஏதாவது உள்ளே போனதா? யார் எனக்குச் சொல்வார்கள்? கோயில் முழுக்க மரியாதை நிறைந்திருக்கிறது. இதற்குத்தான் அவள் பயந்தாள்.

ஆகவே என் உறுதிமொழியைச் சொல்கிறேன். போதகர் அமிசா அவர்களே, வரும் ஞாயிறு உங்கள் பிரசங்கத்தின் நடுவில், பாதி வாக்கியத்தில், நான் எழுவேன். பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், என்னை இரண்டாவது வரிசையில் தேடாதீர்கள். அடுத்த ஞாயிறும் எழுவேன். எனக்குக் கால் இருக்கும்வரை எழுவேன். திரு. ஓட்டூ அவர்களே, அதன் பிறகு வாக்கெடுப்பு நடத்துங்கள். என் குரல் உடைந்தது. சுரம் பிசகும். படம் பிடிப்பவர்கள் தாராளமாகப் பிடிக்கலாம்.

ஆனால் ஞாயிறுவரை காத்திருக்க அவள் எனக்கு அனுமதி தரவில்லை. இந்தக் காகிதத்தில் இதற்குக் கீழே ஒன்றும் எழுதியில்லை. பார்த்துக்கொள்ளுங்கள், முழுப் பக்கமும் வெறுமை. நேற்றிரவு பென்சிலோடு உட்கார்ந்தேன், எழுதாமல் படுத்துவிட்டேன். கண்ணாடியையும் கழற்றி வைக்கிறேன். அராபா இன்று கரை சேருகிறாள். கரையில் யார் யார் நிற்கிறார்கள், கையில் என்ன என்ன வைத்திருக்கிறார்கள் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன். என் எபெனேசர் அங்கே இருக்கிறார், கையில் சூடு மீனோடு. மீதியை வாய் சொல்லும். நான் ஒரு வரி எடுப்பேன். நீங்கள் பதில் கொடுக்க வேண்டும். பின் பெஞ்சுப் பெண்களே, எழுந்திருங்கள். கொயரே, அந்தப் புத்தகங்களை மூடி வையுங்கள்.

எண் கிடையாது. பாடுங்கள்.